மஞ்சள் தண்ணீரில் குளித்த பாலன்

நாலைந்து வருடங்களுக்கு முந்திய மார்கழி. மட்டக்களப்பு வாவியோரத்தில் எங்கள் ஊர். விடாத மழையில் என் சிநேகிதியின் வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளம் வந்துவிட்டது. அவள் கத்தோலிக்கப் பெண், நாங்கள் சைவம். மட்டக்களப்பு ரவுணிலுள்ள தங்கை வீட்டுக்குப் புறப்பட்டவள், துவாயில் சுற்றிய பொதியொன்றை மேட்டில் வீடுள்ள என்னிடம் தந்தாள். உள்ளே அவர்களுடைய கோயிலின் பாலன் இயேசு சுரூபம். குடிலில் தொட்டிலை வெறுமையாக விட்டு, இயேசு பிறந்த நத்தார் இரவுப் பூசையில்தான் பாலனை வைப்பார்களாம். அதுவரை வைத்திருப்பது அவள் பொறுப்பு.

சாமியை அலுமாரிக்குள் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் ஒரு பூ வைத்தேன். இருபத்து நாலாந் திகதி காலை என் புத்தி வேலை செய்தது. திருநாளன்று சாமியைக் குளிப்பாட்டாமல் அனுப்புவதா? மஞ்சள் கரைத்து, பக்தியோடு தலையில் வார்த்தேன்.

அது சாந்தில் செய்த சுரூபம். கன்னத்துச் சிவப்பும் கண்ணும் கரைந்து பாத்திரத்துக்குள் இறங்கின. மிச்சம் மஞ்சளாகிவிட்டது. இரவு ஊரே வரிசையில் நின்று முத்தமிடப்போகிற பாலன்! அவளுடைய சனத்தின் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்று அழுதே விட்டேன்.

பின்னேரம் அவள் வந்தாள். துவாயை நீட்டினேன். விரித்துப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“பொறந்த புள்ளையக் குளிப்பாட்டத்தானே வேணும் கா! ஏன் அழுறீங்க?”

“கண்ணே இல்லையே கா...”

“இவரு பொறக்கக்குள்ள ஆரும் இடம் குடுக்கல்ல. மாட்டுக் கொட்டில்லதான் பொறந்தவரு. அதுக்குத்தான் இந்தக் கொண்டாட்டமே. இந்த வெள்ளத்துக்குள்ள நீங்க இடம் குடுத்திருக்கிறீங்க, குளிக்கவும் வாத்திருக்கிறீங்க. கண்மை இரிக்கா?”

நான் கண்மையால் மூடிய இமை இரண்டு வரைந்தேன். பாலன் நன்றாகத் தூங்குவதுபோல் இருந்தார். இரவுப் பூசையில் யாரும் குறை சொல்லவில்லையாம். இந்த வருடம் பிள்ளை நல்ல நிறம் என்றார்களாம்.

நத்தார் என்றால் கேக்கும் பட்டாசும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது மார்கழி மழையில் யார் வந்து கதவைத் தட்டினாலும், ஆரென்று கேட்பதற்கு முன்பே திறந்துவிடுகிறேன்.