பரீட்சைப் படகு

படகைக் கட்டிவிட்டு நாலடி நடந்த தினகரன், திரும்பி வந்து முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறார். முடிச்சு சரியாகத்தான் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். ஆனால் பார்க்காமல் போனால் ஒரு வாய் சோறு தொண்டையில் இறங்காது. டீசல் கேனைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்குவார், கீழே வைப்பார், என்னவோ சந்தேகம் வந்தவரைப்போல மறுபடி தூக்குவார். இந்தக் குப்பத்தில் இவர் வயதுக்காரர்கள் கடலுக்குப் போய்ப் புயலில் மாட்டித் திரும்பி வந்து, அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறவர்கள். இடுப்பளவு ஏரித் தண்ணீரில் படகு விடும் இவருக்குத்தான் இத்தனை கவலை. கேட்டால், "அவுங்க படகுல மீனு ஏறுது. என் படகுல புள்ளைங்க ஏறுதுபா" என்பார்.

பழவேற்காடு ஏரிக்குள் ஒரு மணல்திட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குப்பம் அது. பள்ளிக்கூடம் உண்டு, ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு வெண்ணிலா டீச்சர் கட்டி மேய்க்கிறார். அதற்கு மேல் படிக்க ஆசைப்பட்டால் ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குத்தான் போக வேண்டும். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுச் சாயங்காலம் அழைத்து வருவது தினகரனின் வேலை. நடுவில் அந்தக் கரையிலேயே வலை தைத்துக்கொண்டு கிடப்பார். மீன்பிடித் தொழிலுக்குப் போனால் நாலு காசு கூடக் கிடைக்குமே என்று ஊரே சொல்லிப் பார்த்துவிட்டது. காதில் விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொரு தலையாகத் தொட்டு உள்ளே விடுவார். "பேனா கீதா? சாப்பாட்டு டப்பா கீதா? சட்டையைக் கட்டு, கயித்த இறுக்கிக் கட்டு" என்று வாய் ஓயாது. சட்டை என்றால் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. வெயில் காலத்தில் ஏரி வற்றிப்போய் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். அதிலும் கட்டச் சொல்வார். படகு தரைதட்டினால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குதித்துத் தள்ளிக்கொண்டே நடப்பார், சட்டை கட்டிய பிள்ளைகள் மேலே உட்கார்ந்து அவரை மாதிரியே பேசிக்காட்டிச் சிரிக்கும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் போதும் அவருக்கு.

இந்த வருஷம் பங்குனி பிறந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மகள் அர்ச்சனாவுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அவளோடு அந்தப் படகில் போகிற இன்னும் சிலருக்கும் அதே தேர்வு. அதற்காகக் கவலைப்படுகிற தகப்பன்மார் நாட்டில் ஏராளம். தினகரனின் கவலை பாடப் புத்தகத்தில் இல்லை. மூன்றாவது தெருவில், பெரியசாமி வீட்டில் இருந்தது.

பெரியசாமி வயதானவர். மாசியிலேயே படுக்கையில் விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுத்து அடக்கம் முடிகிற வரைக்கும் ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மீனுக்கும் கூடாது, பள்ளிக்கூடத்துக்கும் கூடாது. வெளியூர்ப் படகும் அந்தக் கரையை ஒட்டாது. தினகரன் இதை நம்பாதவர் இல்லை. ஊரில் எல்லாரையும்விட அதிகமாக நம்புகிறவர் அவர்தான். துக்கத்தன்று இறங்கிய படகைத் தண்ணீர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பது அவருடைய அப்பா சொல்லி அவர் நெஞ்சில் ஏறிய பயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரியாகக் கணக்குப் பரீட்சையன்று ஒரு சாவு விழுந்தது. திவ்யா என்ற பெண் சீருடை போட்டுக்கொண்டு கரையில் வந்து நின்றாள். படகு கட்டியது கட்டியபடி இருந்தது. "அண்ணா, விட்டுட்டு மட்டும் வாண்ணா" என்று அவள் கேட்டபோது, தினகரன் வேறு பக்கம் பார்த்தார். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. இப்போது அவள் இறால் கம்பெனியில் ஐஸில் கை மரத்துப்போக இறால் உரிக்கிறாள். எதிரில் வந்தால் தினகரன் சந்து மாறிப் போய்விடுவார்.

அதனால்தான் இந்தத் தடவை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, தன் ஆயுசிலேயே பெரிய தப்பைச் செய்தார். பரீட்சை முடியும் வரைக்கும் பிள்ளைகளைப் பழவேற்காட்டிலேயே தங்க வைத்துவிடலாம், அந்தக் கரையில் இருக்கும் கைருன் பீவி தன் வீட்டு மாடியில் இடம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்று ஆரம்பித்தார். எதற்காக என்று ஊர்த் தலைவர் சிங்காரம் கேட்டார். தினகரனுக்குப் பொய் வராது. "இல்ல, பெரியவரு... அதான்..." என்று இழுத்தார்.

"பெரியவரு உசுரோட கீறப்பவே நாள் குறிக்கிறியா நீ?" என்றார் சிங்காரம். கூட்டம் கொதித்துப்போயிற்று. உயிரோடு இருக்கிறவர் சாவுக்கு ஏற்பாடு செய்தால் அந்தப் பாவம் பிள்ளைகள் தலையில்தான் விடியும் என்றார்கள். ஒரு பிள்ளையும் ராத்தங்க ஊரைவிட்டு நகரக் கூடாது என்று முடிவாயிற்று. தினகரன் துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், ஒவ்வொருவராகவாவது சொந்தக்காரர் வீட்டுக்கு என்று அனுப்பியிருக்கலாம்.

அதற்குப் பிறகு பரீட்சை நாள் ஒவ்வொன்றிலும், படகை எடுப்பதற்கு முன்னால் பெரியசாமி வீட்டுக்குப் போனார். சும்மா போக முடியுமா? இரண்டு மடவை மீனைக் கோத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போவார். "இன்னா பெரிம்மா, எப்டிகீறாரு?" என்று பெரியவரின் மனைவி முனியம்மாவிடம் கேட்டுக்கொண்டே, கண்ணை மட்டும் பெரியவரின் மார்பில் வைத்திருப்பார். அது ஏறி இறங்கினால் இவருக்கும் மூச்சு வரும். போர்வையைச் சரி செய்கிற சாக்கில் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இருந்தால் கிட்டத்தட்ட ஓடுவார் கரைக்கு.

ஆங்கிலப் பரீட்சையன்று முனியம்மா மீனை வாங்கிக்கொள்ளவில்லை. "நீ மீனு குடுக்கவா வர்ற? மூச்சு கீதா இல்லியான்னு பாக்க வர்ற. எனுக்குத் தெரியாதா?" என்றாள்.

தினகரனுக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஊர்க்கூட்டத்தில் பேசியதெல்லாம் இவள் காதுக்கும் வந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வாசலுக்குத் திரும்பியவரை அவள் நிறுத்தினாள்.

"வந்தது வந்துட்ட. பாத்துட்டுப் போ." நகர்ந்து வழி விட்டாள். "உம் பொண்ணுக்கு இன்னும் எத்தினி பரீட்சை கீது?"

அவர் சொன்னார். மறுதடவை போனபோது, கேட்காமலே, "மூச்சு கீது. போ" என்றாள். இப்படியே கணக்கும் போயிற்று, அறிவியலும் போயிற்று. ஒவ்வொன்று முடிந்து பிள்ளைகள் படகுக்கு வரும்போதும், தினகரன் வினாத்தாளைப் பற்றிக் கேட்க மாட்டார். "அடுத்தது எப்ப?" என்றுதான் கேட்பார். "நைனா, ஈசியா கஷ்டமானு ஒரு வார்த்த கேளேன்" என்று அர்ச்சனா குறைபட்டுக்கொள்வாள்.

சமூக அறிவியல்தான் கடைசி. அன்றைக்குக் காலையில் அவர் பெரியசாமி வீட்டுக்குப் போனபோது, எதிர்வீட்டு வாசலில் சிங்காரம் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கரையில் பிள்ளைகள் கூடிவிட்ட சத்தம் அங்கேயே கேட்டது.

உள்ளே முனியம்மா கணவரின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தினகரனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மார்பைப் பார்த்தார். அது ஏறவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வாய்க்குள் போன கஞ்சி போன வழியே கடைவாயில் வழிந்து, காதோரம் இறங்கி, அவள் முந்தானையை நனைத்துக்கொண்டிருந்தது. குனிந்து பாதத்தைத் தொட்டார். கட்டையாக விறைத்துச் சில்லிட்டிருந்தது. விடிவதற்கு எத்தனையோ நேரம் முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

"பெரிம்மா..."

முனியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. குரலை இறக்கி, "கடேசி பரீட்சதான இன்னிக்கு?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"அப்ப நிக்காத. போ."

கால் நகரவில்லை அவருக்கு. சாவு வீட்டு வாசலிலிருந்து நேராகப் போய்ப் படகை இறக்குவதா? பெற்ற மகளையும் ஊரார் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு? முனியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருவிலிருந்து சிங்காரத்தின் குரல் வந்தது.

"தினகரா, இன்னாபா, எப்டிகீறாரு பெரியவரு?"

தினகரன் வாசலுக்கு வந்தார். சிங்காரத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"கஞ்சி குடிக்கிறாரு" என்றார்.

"அப்டியா, நல்லது நல்லது. பாத்துப் போய்ட்டு வா" என்று சிங்காரம் வாய் கொப்பளித்தார்.

திரும்பிப் பார்க்காமல் போய்விடத்தான் நினைத்தார். முடியவில்லை. திறந்து கிடந்த கதவு வழியே தெரிந்தது: முனியம்மா அடுத்த ஸ்பூன் கஞ்சியை எடுத்தாள். அதைத் தன் உதட்டருகே கொண்டுபோய், சூடு ஆற, உஃப் உஃப் என்று தெருவுக்கே கேட்கும்படி ஊதினாள்.