வெள்ளைத் துண்டில் ஏறிய சிவப்பு

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றால் அங்கே ஏதாவது விசேஷம் இருக்கும், இல்லையென்றால் ஏதாவது கஷ்டம் இருக்கும். அன்று காலை பொன்செல்வி வீட்டுத் தறி நின்றது. சுவரை ஒட்டிய வீடு, மனசு கேட்குமா? அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டேன்.

பொன்செல்வி கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்த நாள் முதல் பிறத்தியார் நூலைக் கூலிக்கு நெய்தவள். இந்த வருஷம்தான் அவளும் புருஷன் வெங்கடேஷும் சொந்தமாக நூல் வாங்கி, சாயக்காரனிடம் கொடுத்துச் சிவப்புச் சாயம் ஏற்றி, சொந்தச் சேலை நெய்தார்கள். முதல் சேலை தறியிலிருந்து இறங்கியதும் எங்கள் ஊர்க் கோயில் கோமதி அம்மாள் படத்துக்கு முன்னால் வைத்து, புதுத் துணிக்குச் செய்கிறதை எல்லாம் செய்து கும்பிட்டாள்.

அந்தச் சேலையைப் பார்க்கத்தான் கடையநல்லூரிலிருந்து வியாபாரி முகம்மது மைதீன் வந்திருந்தார். துபாயில் அவர் மச்சானுக்கு ஜவுளிக்கடை. இவருக்குப் பிடித்தால் மாதாமாதம் சேலை போகும். பிடிக்கவில்லையென்றால் பொன்செல்விக்கு மறுபடியும் கூலி நெசவுதான்.

"சேலை நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா கலர் ஃபாஸ்ட்னஸ் பாக்கணும்லா" என்றார் அவர்.

"அப்படின்னா என்ன பாய்?"

"சாயம் துணிய விட்டு எறங்காம எம்புட்டு உறுதியா நிக்குன்னு பாக்கது. துவைச்சா நிக்கணும், தேய்ச்சா நிக்கணும், வேர்வை பட்டாலும் நிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மார்க்கு. துவைக்கதுல அஞ்சு வாங்குனா முழு மார்க்கு."

"ஆத்தாடி, பரீட்சையா? எனக்குப் பரீட்சைன்னாலே பயம்லா."

"நீ எப்ப பரீட்சைக்குப் போன, இப்ப பயப்பட?" என்றான் வெங்கடேஷ்.

பாய் சிரித்துக்கொண்டே பையிலிருந்து கத்தரியும் வெள்ளைத் துணியும் எடுத்தார். சேலைக்குச் சேதம் வராமல் முந்தி ஓரத்து மூலையில் சின்னதாக வெட்டி, அந்த வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்தார். "சேலை வெளுக்காம இருந்தா மட்டும் பத்தாது. கூட ஊறுத துணியிலயும் சாயம் ஏறக் கூடாது. அதுக்குத்தான் இந்த வெள்ளை."

"அப்ப மருமக மாதிரில்லா. தான் நல்லா இருந்தாப் பத்தாது, பக்கத்துல இருக்கவளையும் கெடுக்கக் கூடாது" என்றேன். பொன்செல்வி சிரிக்கவில்லை. அவள் கண் முழுக்க அடுப்பில் இருந்தது.

சோப்புக் கரைத்த சுடுதண்ணீரில் துண்டு வெந்தது. பாய் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். வாசலில் இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். நான் மனசுக்குள் அம்மாளைக் கூப்பிட்டபடி நின்றேன்.

எடுத்துப் பிரித்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு ஏறியிருந்தது.

"சாயக்காரன் ஏமாத்திட்டான்டி" என்று வெங்கடேஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பாய் முகமும் சுண்டிப்போனது. "என்ன செய்ய தங்கச்சி, இதை நான் அனுப்ப முடியாதே" என்று மெதுவாகச் சொன்னார்.

பொன்செல்வி அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சேலையோ மாதுளம்பூச் சிவப்பு. வெள்ளையில் இருந்ததோ வேறு சிவப்பு, ஆரத்தித் தட்டில் பார்க்கிற சிவப்பு. அதுவும் ஒரே இடத்தில், விரல் தொட்ட அளவுக்குத்தான். அவள் திரும்பி ஓடினாள். தறிமேல் வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, கடித்து அந்தச் சிவப்பின்மேல் பிழிந்தாள்.

சிவப்பு எங்கள் கண்முன்னே மஞ்சளாக மாறியது.

"மஞ்சள் வச்சேன் பாய்" என்றாள், மூச்சு வாங்க. "புதுச் சேலைன்னு மூலையில மஞ்சள் தொட்டு வச்சேன். நீங்க அந்த மூலையத்தான் வெட்டிட்டீங்க. சோப்புல மஞ்சள் செவக்கும்லா."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "சுண்ணாம்புல செவக்கும்னு தெரியும். எனக்கும் தோணலியே. சரி, மஞ்சள் படாத எடத்தைக் காட்டு. மறுபடி போடுவோம்."

இந்தத் தடவை கரண்டியை அவளே பிடித்தாள். பாய் அவசரப்படவிடவில்லை. முதலில் வெந்த அளவுக்கு இதுவும் வேக வேண்டும் என்று நிறுத்திவைத்தார். வெளியே எடுத்தபோது வாசல் முழுக்கத் தலைகள். பிரித்துப் பார்த்தால், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு. முழு மார்க்கு. முதல்ல இருபது சேலை நெய்து குடு. தேய்க்கதையும் வேர்வையையும் அதுல பாத்துக்கிடுவோம்."

வெங்கடேஷ் எழுந்துபோய் எல்லோருக்கும் காபி சொன்னான். பொன்செல்வி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், சிரிப்பும் வந்தது.

"ஒண்ணு சொல்லுதேன், இனிமே மஞ்சள் வைக்காத" என்றார் பாய், வண்டியை எடுக்கும்போது.

"வைக்காம எப்படி பாய் அனுப்ப?"

அவர் வண்டியை நிறுத்தித் திரும்பினார். "அப்ப சேலை போடுத பைக்கு வை."

அடுத்த நிமிஷம் தறிச் சத்தம் கேட்டது. இப்போது துபாய்க்குப் போகிற ஒவ்வொரு பையின் மூலையிலும் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும்.