அம்மா பறந்த காட்சியில் பொட்டைக் காணோம்

மலேசியாவில், எங்கள் ஊரான குளுவாங்கில் இளைஞர் வீடியோ வகுப்பில் சேர்ந்ததற்குப் பெரிய இலட்சியம் எல்லாம் காரணம் இல்லை. கணக்கியல் டிப்ளோமா முடித்தாயிற்று. வீட்டில் என்னைச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் பஸ் ஏற்றக் காத்திருந்தார்கள். எனக்கோ கணக்கைப் பார்த்தாலே கொட்டாவி. சனிக்கிழமை வகுப்பு இலவசம், ஏர்கோன் குளிரும் உண்டு, போனேன். போன பிறகுதான் தெரிந்தது: எனக்குப் பிடித்தது கேமரா இல்லை, கேமரா முன்னால் இல்லாததைப் படத்துக்குள் கொண்டுவரும் வேலை.

வகுப்பு முடிவில் ஆளுக்கு ஒரு குறும்படம். என்னுடையதில் அம்மா ஸ்கூட்டரில் பக்கத்து ஊர் காஹாங்கின் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு மேலே பறக்க வேண்டும். பின்னணியைப் பிற்பாடு கணினியில் மாற்றுவதற்காக, பச்சைத் துணிக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி அம்மாவை உட்கார வைத்தேன்.

"எண்ணெ அடிக்காமலே பறக்குதே, நல்ல மோட்டர்தான்டி" என்றார்.

கேமரா எப்படி நகர்ந்தது என்று கணினிக்குப் புரிய, துணியில் அடையாளப் புள்ளிகள் ஒட்ட வேண்டும். டேப் தீர்ந்துவிட்டது. அம்மாவின் கைப்பையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. எடுத்தேன், ஒட்டித் தள்ளினேன். பிற்பாடு, சிவப்புப் புள்ளி எங்கே இருந்தாலும் துடைத்துவிடு என்று மென்பொருளுக்கு உத்தரவு போட்டேன். அது சொன்னபடி கேட்டது. நான் ஸ்கூட்டரின் நிழல் சரியாக விழுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பொது மண்டபத்தில் படம் போட்டோம். அம்மா செம்பனைக்கு மேலே எழும்பினார். கைதட்டல் வரும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் குரல்தான் வந்தது.

"ஐயையோ, என்னடி இது! அம்மா நெத்தி வெறுமனே கெடக்கு!"

அப்பா எழுந்து நின்றே விட்டார். "அலமாக்! நான் இன்னும் இங்கதான் இருக்கேன் லா!"

மண்டபமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் சொன்னார்: "அந்தப் படத்த இனி ஒருத்தருக்கும் காட்டாத. அது என் மூஞ்சி."

வசமாக மாட்டிக்கொண்டேன். ஜொகூர் பாருவில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம், வகுப்பில் இருந்து பயிற்சிக்கு ஒருவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நேர்முகம். காட்டுவதற்கு என்னிடம் இருந்த ஒரே சரக்கு அம்மா பறப்பதுதான். அது இல்லையென்றால் சிங்கப்பூர் பஸ்தான்.

"பொட்ட திருப்பி வச்சிட்டா?"

"வச்சிட்டு வா. பாக்கறேன்."

இடம் போதவில்லை என்று மூலக் காட்சியை ஏற்கெனவே அழித்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு சட்டகமாகக் கையால் வைக்க வேண்டியிருந்தது. அம்மா தலையைத் திருப்பினால் பொட்டும் திரும்ப வேண்டும். மின்விசிறிக் காற்றில் முடி முன்னால் விழுந்தால் பொட்டு அதற்குப் பின்னால் போக வேண்டும். முதல் முயற்சியை மடிக்கணினியில் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "இது பொட்டா, ஈயா? சுத்திக்கிட்டே இருக்கு."

அடுத்தது: "இவ்ளோ பளபளன்னு யாரு வைப்பா?"

அதற்கும் அடுத்தது: "நான் புருவத்துக்கு நடுவுலயா வைக்கிறேன்? கொஞ்சம் மேல. இத்தன வருசமா என் மூஞ்சிய நீ பாத்ததே இல்லியா?"

சத்தியமாகப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பொட்டு ஒரு மயிரிழை இடதுபக்கம் தள்ளியே இருக்கிறது, எப்போதும். அதையும் அப்படியே வைத்தேன். அம்மா மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தார். "ம். கொண்டு போ" என்றார்.

நேர்முகத்தில் என்னைப் பார்த்தவர் ஒரு மலாய்க்கார அக்கா. ஸ்கூட்டர் பறந்தது, செம்பனை விரிந்தது, அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "இதெல்லாம் எல்லாரும் செய்றாங்க. கஷ்டப்பட்டு செஞ்சது எது?" என்று மலாயில் கேட்டார்.

"பொட்டு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். "அது படத்துல இல்ல. நான் வச்சது."

"மானா?" என்று திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். எங்கே, எங்கே என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். முடி பொட்டின் மேல் விழும் இடத்தில் பின்னால் ஓட்டி, மறுபடி ஓட்டினார். பிறகு எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

வெளியே வந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். "ம்மா, கெடச்சிருச்சி! பொட்டப் பாத்துத்தான் எடுத்தாங்க!"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"கொஞ்சம் மேலன்னு சொன்னது யாரு?" என்றார் அம்மா.