அப்பா போகாத சண்டை

மத்தியானம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த இரண்டு குத்துச்சண்டை வீரர்களைக் கம்ப்யூட்டர் மோதவிட்டிருந்தது. மணி அடித்ததும் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் அந்த மணி ஒரு எவர்சில்வர் தட்டு. மரக்காணம் உப்பளத்தில் வேலை முடிந்து, காலெல்லாம் உப்பு பூத்து வரும் அப்பா, வாசலில் நின்று அப்படி இரண்டு காலத்து வீரர்களாகவும் மாறி மாறிக் குத்துவார்.

"இவன் அவன் காலத்துல பொறந்திருந்தா என்னா ஆயிருக்கும், சொல்லு பாப்பா?"

நான் கரண்டியால் தட்டைத் தட்டுவேன். இன்று ஜெயித்தவன் நாளைக்குத் தோற்பான். "குளிச்சித் தொலைங்களேன்" என்று உள்ளேயிருந்து அம்மா கத்துவாள்.

அப்பாவும் குத்துச்சண்டைக்காரர்தான். அவருக்கும் சென்னையில் ஒரு ஐந்து ரவுண்டு சண்டை இருந்தது. கிளம்பிய அன்று எனக்கு வலிப்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்து என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாராம். அதன்பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

"அன்னிக்கு நீ போயிருந்தா, ப்பா?"

"மூணாவது ரவுண்டுல வுழுந்திருப்பேன். நீதான் காப்பாத்துன."

எத்தனை தடவை கேட்டாலும் அதே மூன்றாவது ரவுண்டு. அடுத்தவன் சண்டைக்கெல்லாம் தினம் ஒரு முடிவு சொன்ன மனுஷர், தன் சண்டையில் ஒருநாள்கூட ஜெயிக்கவில்லை. நானும் சந்தோஷமாக நம்பித் தொலைத்தேன். இப்போது மறுபடி கேட்க அவர் இல்லை.

வீடியோவை நிறுத்தினேன். தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வெறும் வாசலில் நின்று, அப்பாவின் நாலாவது ரவுண்டுக்கு மணி அடித்தேன்.