ஐந்து பெயரில் ஆடியவன்

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தப் பதினைந்து வருஷத்தில் பூப்பந்து ஆட்டத்தில் பெயரெடுத்த சென்டர் ஆட்டக்காரர்கள் யார் யார் என்று தெரியவேண்டுமானால், பூப்பந்துச் சங்கத்து அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் ஸ்கோர் ஷீட்டுகளைப் புரட்டினால் போதும். சிங்காரம், மூர்த்தி, தனகோடி, ராஜமாணிக்கம், சீனு என்று ஐந்து பெயர் கிடைக்கும். ஐந்து பேருக்கும் கோப்பை உண்டு, சர்டிபிகேட் உண்டு. ஆனால் ஐந்து பேரும் ஒரே ஆள். அவன் பெயர் ஏசுபாதம். ஷீட் எழுதியவன் நான்.

நான் வாசுதேவன். ஒரு உயர்நிலைப் பள்ளியில் கிளார்க். வாரம் ஆறு நாள் பள்ளிக்கூடத்தில் பேனா பிடித்தது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த எழுபத்தொன்பதாம் வருஷம் மார்ச்சோடு எனக்கு ரிடையர்மென்ட். பென்ஷன் பேப்பர் எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதத் தைரியம் வந்திருக்கிறது.

ஏசுபாதத்தின் ஊர் அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே ஒரு சின்னச் சேரி. அப்பா அம்மா இருவரும் பிறத்தியார் நிலத்தில் கூலி. மிஷன் பள்ளியில் எட்டாவது படித்தபோது அங்கே இருந்த கோர்ட்டில் பேட் பிடித்தான். பிறகு செங்கல்பட்டுக்கு வந்து அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். ஆறு நாள் மூட்டை, ஏழாம் நாள் பேட். பூப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நடுவில் நிற்கிறவன் சரியில்லை என்றால் மற்ற நாலு பேரும் தண்டம். அந்த நடு இடத்தில் அவனைப்போல் ஒருத்தனை நான் பார்த்ததில்லை.

இவ்வளவு ஆடியும் எந்தக் கிளப்பும் அவனை மெம்பராகச் சேர்க்கவில்லை. மனு கொடுப்பான். அடுத்த கமிட்டி மீட்டிங்கில் பார்க்கலாம் என்பார்கள். அடுத்த மீட்டிங் வரும், போகும். ஜெயித்ததும் அவன் தோளைத் தட்டுகிறவர்கள் ரிஜிஸ்டரில் மட்டும் அவன் பெயரை ஏற்ற மாட்டார்கள். காரணம் அவன் ஜாதிதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆனால் டோர்னமென்ட் என்று வந்தால் அவன் வேண்டும். கிளப் மெம்பர் மட்டும்தான் ஆடலாம் என்பது சங்கத்தின் விதி. அதற்கு ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். மெம்பர் ஒருத்தன் வீட்டில் இருந்துவிடுவான், அவன் பெயரில் ஏசுபாதம் இறங்குவான். பஸ் சார்ஜும் சாப்பாடும் அவனுக்கு. கோப்பை கிளப்புக்கு. சர்டிபிகேட் வீட்டில் தூங்கினவனுக்கு. ஷீட்டில் எந்தப் பெயரை எழுதச் சொல்கிறார்களோ அதை எழுதுவேன். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆட்டம் முடிந்து திரும்பும் பஸ்ஸில் பெரும்பாலும் நானும் அவனும் ஒரே சீட். கால் நீட்ட இடமில்லாமல் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏதாவது கேட்டால்தான் பேசுவான். ஒருமுறை மகாபலிபுரத்தில் ஆடிவிட்டு வரும்போது, இவ்வளவு காற்றில் எப்படியப்பா பந்தைக் கோட்டுக்குள் வைத்தாய் என்று கேட்டேன்.

"அங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பந்த தூக்கவே கூடாது சார். தூக்கினா கடக்காத்து அத்த இட்டுகினு போயி வெளிய வச்சிடும். வலைக்கு மேல ஒரு சாணு, அவ்ளோதான். கடலோரம் போறதுன்னா பேட்டு நரம்ப ஒரு முறுக்கு கூட ஏத்திக் கட்டணும். ஈரத்துல தானா தொங்கிடும்."

"எந்த கிரவுண்டு உனக்குப் பிடிக்கும்?"

"அச்சரப்பாக்கந்தான். மேக்கால பனமரம் வரிசையா கீது, காத்து தெரியாது. செம்மண்ணு, கால வாராது. வேடந்தாங்கல் பக்கம் ஒண்ணு கீது பாருங்க, மார்கழில ஆடவே முடியாது. எது கோடு, எது பறவ எச்சம்னு தெரியாது."

சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

அவனிடம் இரண்டு பேட் இருந்தன. பிள்ளைகள் எல்லாம் தலை கனத்த பேட்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவன் மட்டும் தலை லேசான பேட்டைத் தேடுவான். கைப்பிடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருப்பான், வியர்வைக்கு வழுக்காமல். புதுக் கம்பளிப் பந்தை அவன் நம்புவதில்லை. இரண்டு செட் அடிபட்டு மயிர் எழும்பின பிறகுதான் பந்து சொன்னபடி கேட்கும் என்பான். அடிப்பது எப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அடிக்கறது பெரிசில்ல. அடிச்சிட்டு நடுவுக்குத் திரும்பி வர்றான் பாரு, அவந்தான் சென்டரு."

எழுபத்துநாலாம் வருஷம் ஜனவரியில் சென்னையில் ஒரு பெரிய தொழிற்சாலை பூப்பந்து டீம் ஆரம்பிக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஐந்து பேருக்கு நிரந்தர வேலை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கவேண்டும், மாவட்ட அளவில் மூன்று சர்டிபிகேட் வேண்டும், செங்கல்பட்டிலேயே ஒரு தேர்வு ஆட்டம் நடக்கும். ஏசுபாதத்துக்கு அப்போது முப்பத்துநாலு முடிந்து எட்டு மாதம்.

ஒரு சாயங்காலம் மில்லிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். தலையிலும் புருவத்திலும் தவிடு. உள்ளே வா என்றேன். வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றான்.

"முட்டி போயிடுச்சி சார். மேஸ்திரி பாத்துகினே கீறாரு. மிஞ்சிப்போனா இன்னும் ரெண்டு வருசம் மூட்ட தூக்குவேன். வூட்ல செங்கம்மா, ரெண்டு பொட்டப்புள்ள. இந்த வேல கெடச்சா தப்பிச்சிக்குவேன். எம்பேருல எதனா சர்டிபிகேட்டு கீதா, பாத்து சொல்லுங்க சார்."

என்னிடம் பழைய ஷீட்டுகளின் நகல் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. இழுத்துப்போட்டு ஒரு மணி நேரம் தேடினேன். அவன் ஆடிய ஆட்டம் நூற்றுக்குமேல் இருந்தது. அவன் பெயர் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. அறுபத்தொன்றாம் வருஷம், அச்சரப்பாக்கம், மிஷன் பள்ளிப் பழைய மாணவர் டீம், முதல் சுற்று. இருபத்தொன்பதுக்குப் பதினொன்று, இருபத்தொன்பதுக்கு ஒன்பது. தோல்வி.

அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

"அன்னிக்கி நல்லாத்தான் சார் ஆடினேன்" என்றான்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான், அந்த ஐந்து பேரும் இவன்தான் என்று நான் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று. என்னால் முடியாது என்றேன். எழுதினால் அத்தனை கோப்பையும் ரத்தாகும், சங்கம் என்னை நீக்கும், பொய் ஷீட் எழுதினவன் என்று பள்ளியிலும் விசாரணை வரும், எனக்கு இன்னும் ஐந்து வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"உங்கள பேஜாரு பண்ண வரல சார்" என்றான். "இன்னொண்ணு சொல்லணும். செகரட்டரி கூப்ட்டு வுட்டாரு. சீனு பேருல அந்த ஆட்டத்த ஆடித் தரணுமாம். சரின்னுட்டேன்."

செகரட்டரி என்றால் டவுனில் இருந்த ஒரு கிளப்பின் செகரட்டரி வரதன். எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவிலும் மெம்பர். சீனு அவருடைய ஒரே மகன், இருபத்துமூன்று வயது. சீனுவிடம் மூன்று சர்டிபிகேட் இருந்தது, மூன்றும் ஏசுபாதம் வாங்கித் தந்தவை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்குப் புத்தி இருக்கிறதா? உனக்கு வரவேண்டிய வேலையை அந்தத் தடிப்பயலுக்கு வாங்கிக் கொடுக்கப் போகிறாயா?"

"எம்பேர சொன்னா கிரவுண்டுக்குள்ளயே வுட மாட்டாங்க சார். உள்ள பூர்றதுக்கு எனக்கு வேற வழி இன்னா கீது? மொதல்ல நா ஆடறத கம்பெனி ஆபீசரு கண்ணால பாக்கட்டும், அப்பறம் சர்டிபிகேட்டு பெரிசா தெரியாது. பாத்தப்பறம் நானே சொல்லிடுவேன், நா சீனு இல்ல, ஏசுபாதம்னு. அவரு நம்ப மாட்டாரு. உங்களத்தான் கேப்பாரு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பழசெல்லாம் வாணாம். அன்னிக்கி ஒரு நா ஆடுனது நாந்தான்னு சொன்னா போதும்."

யோசித்துப் பார்த்தால் அது பெரிய உதவியே இல்லை. ஒரு வார்த்தை. சரி என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். முட்டி மடங்காமல் அவன் தெருவில் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு தடவையாவது மனுஷனாக நடந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.

தேர்வு நாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த ஆபீசர் நல்ல மனிதராகத் தெரிந்தார். எல்லாரையும் வாங்க போங்க என்றே பேசினார். நான் ஷீட்டில் பெயர்களை எழுதினேன். மூன்றாவது இடத்தில், சென்டர், சீனு, வயது இருபத்துமூன்று. நிஜச் சீனு அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

ஏசுபாதம் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வது? பாய்ந்து விழுந்து ஆடவில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு பாயவும் முடியாது. பந்து எங்கே வருமோ அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். எதிர்ப் பக்கத்தில் காலேஜ் பையன்கள், ஓங்கி ஓங்கி அடித்தார்கள். இவன் பேட்டை வெறுமனே காட்டுவதுபோல் இருக்கும், பந்து ஆளில்லாத மூலையில் விழும். அடித்துவிட்டு நடுவுக்குத் திரும்பிவிடுவான். முதல் செட் இருபத்தொன்பதுக்குப் பன்னிரண்டு. இரண்டாவது செட்டில் ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்து கோட்டுப் பக்கம் வந்து நின்றுவிட்டார். அது இருபத்தொன்பதுக்கு எட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகக் கண்ணாடியைத் துடைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஆபீசர் என் மேஜைக்கு வந்து ஷீட்டைப் பார்த்தார்.

"சீனுங்கிறது யாருப்பா? இங்க வாங்க."

ஏசுபாதம் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"நீங்கதான் எங்களுக்கு வேணும். வேற யாரையும் பாக்க வேண்டியதில்ல" என்றவர் மறுபடியும் ஷீட்டைப் பார்த்தார். "இருபத்துமூணு வயசா? பாத்தா அப்படித் தெரியலையே."

"சார், ஒரு விசயம் சொல்லணும்" என்று ஏசுபாதம் ஆரம்பித்தான்.

வரதன் எப்போது வந்தாரென்று தெரியாது. என் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் அவருடைய கை இருந்தது.

வயது விஷயம் இடித்ததோ என்னவோ, ஆபீசர் என்னைப் பார்த்தார். "ஸ்கோரர் சார், நீங்க சொல்லுங்க. இவரு யாரு?"

ஒரு வார்த்தைதான். ஏசுபாதம் என்று சொல்லவேண்டும். பதின்மூன்று வருஷமாக எனக்குத் தெரிந்த பெயர். நீ எழுதின ஷீட்டா இது என்று அடுத்த கேள்வி வரும். திங்கட்கிழமை காலை ஹெட்மாஸ்டர் கூப்பிடுவார். சர்வீஸ், பென்ஷன், கல்யாணமாகாத பெண். இதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. நான் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தலையைத் தூக்கி ஏசுபாதத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நான் கோர்ட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற ஆட்டக்காரன் பந்தை எடுப்பானா விடுவானா என்று ஒரு நொடி பார்ப்பான். எடுக்கமாட்டான் என்று தெரிந்துவிட்டால், திட்டமாட்டான், அவனே வந்து எடுத்துவிடுவான்.

"நாந்தான் சார் சீனு" என்றான். "வெயில்ல அலைஞ்சி அலைஞ்சி மூஞ்சி இப்டி ஆயிடுச்சி."

ஆபீசர் சிரித்தார். நாற்காலிச் சட்டத்திலிருந்து வரதனின் கை விலகியது. ஆபீசர் ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஏசுபாதம் என் பேனாவை வாங்கி, குனிந்து, சீனு என்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். அந்த ஐந்து பேரின் கையெழுத்தும் அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது. பேனாவை என்னிடம் திருப்பித் தந்தான். கீழே சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் நான் என் சொந்தப் பெயரை எழுதினேன்.

அந்த ஆபீசர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபின்தான் வேலை ஆர்டர் வந்தது, நிஜச் சீனுவே போய்ச் சேர்ந்துகொண்டான். சீனு இப்போது அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். ஆட்டத்தில் சோபிக்கவில்லை என்று வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள், வேலை மட்டும் நிலைத்துவிட்டது. ஏசுபாதம் அடுத்த வருஷமே ஆட்டத்தை விட்டான். மூட்டை தூக்க முடியாததால் மில் வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்கு தைக்கிறான், பாதிக் கூலிக்கு. பள்ளிக்குப் போகிற வழி அதுதான் என்பதால் தினமும் அவனைத் தாண்டித்தான் போகிறேன். என்னைக் கண்டால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த முட்டியோடு எழுந்து நிற்கிறான்.