போலந்துக்காரர் கொடுத்த புகையிலை டப்பா

அந்த நாட்களில் ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, முட்டை, சோப்பு என்று கொண்டுபோய் ஏற்றுவது எங்கள் தொழில். செல்போன் எங்களைப் போன்றவர்கள் கைக்கு இன்னும் வராத காலம். ஒரு மதியம் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கையெழுத்துக்காக நின்றபோது, அந்தக் கப்பலின் இன்ஜினியர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். போலந்து நாட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான், எனக்கும் கொஞ்சம்தான். மனைவிக்குப் பிரசவ நேரம், வீட்டோடு பேச வேண்டும் என்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

கரைக்கு வர அவரிடம் பாஸ் இருந்தது. கம்பெனி வேனில் ஏற்றி, வெளிநாட்டுக்கும் பேச வசதியுள்ள, எனக்குத் தெரிந்த எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போனேன். நான்கு முறை லைன் கிடைக்கவில்லை. ஐந்தாவது முறை கண்ணாடிக்குள் அவர் கத்துவதும், பிறகு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுவதும் தெரிந்தது. பயந்துபோனேன். வெளியே வந்தவர் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில் போல ஆட்டிக் காட்டினார். பெண் குழந்தை.

கப்பலுக்குத் திரும்பியதும் உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டையான தகர டப்பாவைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் திணித்தார். தன் பையிலிருந்த புகைக்குழாயை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, சொர்க்கத்தில் இருப்பது போலத் தலையை ஆட்டிக் காட்டினார். அதற்குள் மேலே யாரோ அழைக்க, போய்விட்டார்.

டீக்கடையில் எப்போதாவது ஒரு சிகரெட் பிடிப்பவன் நான். புகைக்குழாயைக் கிட்டத்தில் பார்த்ததே அன்றுதான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. சாயங்காலம் என் மனைவியும் நானும் என் சிநேகிதனும் சுற்றி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். சிநேகிதன் பக்கத்து பிளாக்; சாத்தாங்காட்டில் ஒரு பட்டறையில் பைப் ஃபிட்டர். டப்பாவுக்குள் கருப்பட்டி நிறத்தில், சூயிங்கம் பட்டை நீளத்துக்கு, மெல்லிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நடுநடுவே பொன்னிறக் கோடுகள். தொட்டால் ஈரம். பேரீச்சம்பழமும் வைக்கோலும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை அறையை நிறைத்தது.

"துன்ற ஐட்டம் தான் மாமு," என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் சிநேகிதன் ஒரு பட்டையை வாயில் போட்டு மென்றுவிட்டான். அரை நிமிஷம் யோசித்தான். பிறகு எழுந்து பாத்ரூமுக்கு ஓடினான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "இதுக்கு பைப்பு தான் வோணும். ஞாயித்துக்கெயம போலாம், நான் பார்த்து எடுத்துத் தர்றேன்," என்றான்.

"உனக்கு இன்னா தெரியும்?"

"பைப்பு மாமு. பதினஞ்சு வருசமா அத்தத்தான செஞ்சுகினு கீறேன்."

ஞாயிறு காலை யானைக்கவுனியில் பழைய சாமான் கடைகளை ஏறி இறங்கினோம். நான்காவது கடைக்காரர் தென்மாவட்டத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. "இருக்கு, ஒரு பங்களாவக் காலி பண்ணும்போது மொத்தமா வந்துச்சு. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது, நீங்களே பாத்து எடுங்க," என்று ஒரு பிஸ்கட் டின்னை முன்னால் வைத்தார். உள்ளே ஏழு புகைக்குழாய்கள்.

சிங்க முகம் செதுக்கிப் பளபளவென்று பாலிஷ் போட்ட ஒன்றை நான் சட்டென்று எடுத்தேன். சிநேகிதன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "பாலிஷ்ஷ பார்த்து மயங்காத. ஓட்டைய மக்கு வெச்சு அடச்சிக்கிறான், தோ பாரு," என்று நகத்தால் கீறிக் காட்டினான். சிங்கத்தின் பிடரிக்குப் பக்கத்தில் ஓட்டையை அடைத்திருந்த வெள்ளைப் பசை தூளாக உதிர்ந்தது.

அதற்கப்புறம் அவன் பரீட்சை ஆரம்பமானது. கடைக்காரரிடம் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி கேட்டான். ஒவ்வொரு குழாயிலும் வாய் வைக்கும் பக்கமாகக் குச்சியை விட்டு, புகையிலை போடும் கிண்ணத்தில் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று பார்த்தான். இரண்டில் குச்சி பாதியிலேயே முட்டி நின்றது. இன்னொன்றில் துளை கிண்ணத்தின் பாதி உயரத்தில் இருந்தது. "இதுல அடிப்பக்கம் எரியவே எரியாது. தண்ணி தேங்கும்," என்று தள்ளி வைத்தான். அடுத்ததில் கிண்ணத்தின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் தகடாகவும் இருந்தது. கை சுடும் என்றான். கடைக்காரர் மற்ற வேலைகளை விட்டுவிட்டு எங்களோடு குனிந்துகொண்டார்.

மிஞ்சியவை இரண்டு. கிண்ணத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மறுமுனையில் உறிஞ்சச் சொன்னான். முதலாவதில் இணைப்பிலிருந்து உஸ்ஸென்று காற்று வந்தது. "ஜாயிண்டு லீக்கு." இரண்டாவதில் உறிஞ்சியதும் என் நாக்கு முனை கப்பென்று துளையில் ஒட்டிக்கொண்டது. அலங்காரம் ஏதுமில்லாத, காபிக்கொட்டை நிறக் குழாய். மரத்தின் ரேகைகள் கீழிருந்து மேலாகத் தீ எழுவது போல ஓடின. பல்லில் கடித்துக் கையை விட்டுப் பார்த்தேன். பாரமே தெரியவில்லை.

"இத்தான்," என்றான் சிநேகிதன்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் சிங்கத்தையில்லா முன்னால வச்சிருந்தேன்," என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரே பார்வையில் முடித்துவிட்டாள். "எவன் எச்சிலோ. கலீஜ். கழுவாம வாயில வெச்ச, சோறு கெடையாது." தண்ணீர் பட்டால் மரம் வெடிக்கும் என்று சிநேகிதன் தடுத்தான். கடைசியில் கிண்ணம் நிறையக் கல்லுப்பைப் போட்டு, அவன் தனக்கென்று வைத்திருந்த ரம்மிலிருந்து நனையும் அளவுக்கு ஊற்றினோம். ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் பார்த்தால் பழைய கறையையெல்லாம் இழுத்து உப்பு தார் போலக் கறுத்திருந்தது. தட்டிக் கொட்டி, துணியால் துடைத்துக் காயவைத்தோம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனோம். பட்டைகளைக் கிள்ளிக் கிண்ணத்தில் திணித்து, விழாமலிருக்க நன்றாக அமுக்கினேன். ஒரு வத்திப்பெட்டி தீர்ந்தது. புகை வரவில்லை. வாயெல்லாம் கசப்பு, குழாய்க்குள் களகளவென்று சத்தம். கடல் காற்றுக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை பற்றியது. பற்றியதை விடக்கூடாது என்று நான் வேகவேகமாக உறிஞ்ச, நாக்கு வெந்துபோனது.

காயப்போட்ட துணியை எடுக்க வந்த மனைவி சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பனா மரத்தூள் அடுப்பு பத்தவெச்சிக்கிறியா நீ?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் புளியந்தோப்பில் வளர்ந்தவள். அம்மா வேலைக்குப் போய்விட்டால் மரத்தூள் அடுப்பை நிரப்பி மூட்டுவது இவள் வேலை.

"ஈரத்தூள போட்டா பொகையும், எரியாது. காத்துக்கு வழி இல்லாம அமுக்குனா செத்துரும். சும்மா கொட்டுனா குபீர்னு எரிஞ்சு பூடும். குடு இத்த."

துணியைச் சிநேகிதன் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு பட்டைகளை எடுத்து, வறுத்த வேர்க்கடலைக்குத் தோல் நீக்குவது போல உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாகத் தேய்த்தாள். பட்டை பிரிந்து பிரிந்து நூல் நூலாக உதிர்ந்தது. பழைய பேப்பரில் பரப்பி, தொட்டியின் நிழலில் வைத்தாள். நான் தொடப்போகும்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டாள். அரை மணி நேரம் கழித்து ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தி விட்டுப் பார்த்தாள். உருண்டையாக ஒட்டவில்லை, பொடியாக நொறுங்கவும் இல்லை, மெதுவாக விரிந்தது.

"இப்ப போடு. அடில லூசா வுடு. அதுக்கு மேல கொஞ்சம் அமுக்கு. மேல கெட்டியா. இழுத்துப் பாரு, காத்து வருதா?"

உறிஞ்சிப் பார்த்தேன். ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல இலேசான தடையோடு காற்று வந்தது. வத்திக்குச்சியைக் கிழித்து மேற்பரப்பைச் சுற்றி வட்டமாகக் காட்டினேன். புகையிலை உயிர் வந்தது போல எழும்பிச் சுருண்டது; சட்டென்று அணைந்தது.

"அணையட்டும், பேஜாராவாத," என்றாள். "அது மொத சூடு. மேல தட்டு."

சிநேகிதன் சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துக் கொடுத்தான். அதன் தலையால் சாம்பலைச் சமமாகத் தட்டிவிட்டு மறுபடி பற்றவைத்தேன். கொதிக்கிற டீயைக் குடிப்பது போலச் சின்னச் சின்னதாக உறிஞ்சினேன். நீலப் புகை வாயில் வந்து நின்றது. எரிச்சல் இல்லை. முதலில் வைக்கோல், பிறகு உலர்ந்த திராட்சை, அப்புறம் பெயர் தெரியாத ஓர் இனிப்பு. ஆறாம் வகுப்பில் யாரும் பிடிக்காமல் முதல்முறை சைக்கிள் ஓட்டியபோது கிடைத்த அதே சந்தோஷம். குழாயைச் சிநேகிதனிடம் நீட்டினேன். அவன் இரண்டு இழுப்பு இழுத்து, "சோக்கா கீது மாமு," என்று தரையில் கையால் அடித்தான்.

மனைவி கை நீட்டினாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முந்தானையால் முனையைத் துடைத்துவிட்டு, நிதானமாக ஓர் இழுப்பு இழுத்து, இருமாமல் வடக்கே எண்ணூர்ப் பக்கம் பார்த்துப் புகையை விட்டாள்.

"கொஞ்சம் வெல்லம் மாரி கீது," என்றாள். அவ்வளவுதான். துணியை எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் கீழ்வீட்டு அக்கா மூச்சு வாங்க மேலே வந்தாள். படிக்கட்டெல்லாம் வாசனை வருகிறதாம். "இன்னா ஸ்பெசல்? கேக்கு செஞ்சுகினு கீறீங்களா?" என்று கேட்டவள், எங்கள் மூவர் முகத்தையும், நடுவிலிருந்த குழாயையும், பேப்பரில் மிச்சமிருந்த தூளையும் மாறி மாறிப் பார்த்தாள். சிநேகிதன் விழுந்து விழுந்து சிரித்தான். என் மனைவி மட்டும் சிரிக்காமல், ஒரு போலந்துக்காரருக்குப் பெண் குழந்தை பிறந்த கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.