நண்டு மசாலா யாருக்குப் பிடிக்கும்?

கெஸ்ட் ஒருவர் கிச்சனுக்குள்ளேயே வந்து கண்கலங்கி நின்றது என் சர்வீஸில் அன்றைக்குத்தான். காரைக்குடியில் ஒரு பழைய பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். நான் அங்கே சமையல் இன்சார்ஜ். அந்தப் பையன் மதுரைக்காரன், மனைவியோடு தங்க வந்திருந்தான்.

"அக்கா, நாளைக்குக் காலையில அவ கல்லலுக்கு, அவுக அம்மா வீட்டுக்குக் கிளம்புறா. திரும்பி வரமாட்டேங்குறா. இன்னைக்குச் சாப்பாட்டை மட்டும் எப்படியாச்சும் நல்லாப் பண்ணிக் குடுங்கக்கா."

மேனேஜர் காதில் போட்டேன். அவருக்கு ஒரே உற்சாகம். "ரொமான்டிக் டின்னர் போட்ருவோம்க்கா. மூடு செட்டாகிற ஐட்டமா இருக்கணும்" என்று செல்போனில் தேடி வாசித்தார். குங்குமப்பூ, பாதாம், சாக்லேட், நண்டு, முருங்கைக்காய்.

முருங்கைக்காய் என்றதும் காய் நறுக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தலைதான் சுற்றியது. என் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் வைக்காத வாரமில்லை. சாப்பிட்டு முடித்ததும் எங்க வீட்டுக்காரர் குறட்டை விடுவார், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு கிளம்புகிற பெண்ணை நிறுத்தி வைக்கும் மசாலா எதுவென்று எனக்கு எந்த மாஸ்டரும் சொல்லித் தரவில்லை.

சரி, கேட்டே விடுவோம் என்று பையனிடம் கேட்டேன். "அவுகளுக்கு என்ன புடிக்கும்?"

"நண்டு மசாலான்னா உசுருக்கா."

ரூமுக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். "நண்டு மசாலா செஞ்சிருங்கக்கா" என்றாள்.

மேனேஜர் லிஸ்டிலும் நண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்? தொண்டிக் கடற்கரையிலிருந்து நண்டு வரவழைத்து, சோம்பும் மிளகும் அம்மியில் அரைத்து, மனசாரச் செய்தேன்.

முற்றத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. யாரும் கிட்டே போகக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு. கதவோரம் நின்று பார்த்தேன். அவன் ஒரு நண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அவள் ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். கிண்ணம் காலியானது, ஆனால் ஒரு நண்டு கூட உடையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, உத்தரவை மீறிப் போய்விட்டேன்.

"ஏன், நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கும்க்கா. எனக்கு நண்டு புடிக்காது. அவளுக்காகச் சொன்னேன்" என்றான்.

"எனக்காகவா? எனக்கு அந்த வாடையே ஆகாது. மறுவீட்டு விருந்துல எங்கம்மா வைக்க வைக்க நீங்கதான சாப்பிட்டீக?"

"மாமியா வைக்கையில மாப்பிள்ளை வேணாம்னு சொல்ல முடியுமா? அதான் பாதியை உன் இலைக்குத் தள்ளுனேன். நீயும் சாப்பிட்டியே!"

"அத்தனை பேரு பாக்கையில புருசன் வச்சதை ஒதுக்கவா முடியும்?"

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் அவன் நண்டு வாங்கி வந்திருக்கிறான். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவிச் சமைத்திருக்கிறாள். இருவரும் முகம் சுளிக்காமல் தின்றிருக்கிறார்கள். அவள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். நான் நண்டுத் தட்டுகளை ஓரமாக நகர்த்தினேன்.

"வேற என்னதாம்மா வேணும்?" என்றேன்.

"முட்டை தோசை."

"எனக்கும் அதே" என்றான் பையன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள். "நெசமாவா, எனக்காகவா?"

அவன் அசடு வழியச் சிரித்தான். "இல்ல. எனக்கு வெங்காய ஊத்தப்பம்."

காலையில் கல்லலுக்கு வண்டி வந்தது. அவள் ஏறினாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பின்னாலேயே அவனும் ஏறினான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னைக்கு அத்தைகிட்ட நண்டு வேணாம்னு சொல்லணும்க்கா, பயமா இருக்கு" என்றான்.

மூடு எந்தப் பண்டத்தில் வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேனேஜர் போட்ட மெனு கார்டில் நண்டு இன்னும் ஜோடி ஸ்பெஷல்தான். புதிதாகக் கிச்சனுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஜோடியாக வருகிறவர்களைத் தனித்தனியாகக் கேட்காதீர்கள். சேர்த்து உட்காரவைத்து, எது பிடிக்காது என்று கேளுங்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முடிக்கட்டும், அப்புறம் அடுப்பைப் பற்ற வைக்கலாம்.